பொறுக்க ஏலாத இறால்

கொக்கிளாயில் அந்த அக்காவிடம் காத்து நிற்காதவர்கள் குறைவு. நான் நின்றிருக்கிறேன். கிராம அலுவலர் நின்றிருக்கிறார். பூசைக்குப் போகும் அவசரத்தில் பங்குத்தந்தை அவருடைய படலைக்கு வெளியே நின்று மணிக்கூட்டைப் பார்த்ததை என் கண்ணால் கண்டிருக்கிறேன். எல்லோருக்கும் அவரிடமிருந்து கிடைத்த சொல் ஒன்றுதான்: "பொறுங்கோ."

எங்கள் பக்கத்தில் 'பொறுங்கோ' என்றால் கொஞ்சம் நில்லுங்கள், வருகிறேன் என்று அர்த்தம். தாங்கிக்கொள்ளுங்கள் என்ற அர்த்தமும் அதே சொல்லுக்குள் கிடக்கிறது. ஒரு சொல்லுக்குள் இரண்டு அர்த்தம் கிடந்தால் என்ன கெட்டுவிடப் போகிறது என்று நீங்கள் கேட்கலாம். நான் அதில் ஒன்றை எடுத்து மற்றதை ஒளித்த ஆள். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அவருடைய பெயரை எழுதமாட்டேன். படிவங்களில் அந்தப் பெயரை எத்தனையோ தடவை எழுதியாயிற்று. குடும்ப விபரப் படிவம், தேவை மதிப்பீட்டுப் படிவம், பயனாளி தெரிவுப் படிவம், திருப்திப் படிவம். அவ்வளவு எழுதியும் அவருக்கு அதனால் ஒரு நன்மையும் வரவில்லை.

நான் அப்போது ஒரு தொண்டு நிறுவனத்தில் கள உத்தியோகத்தர். வவுனியாவில், நெளுக்குளத்தில் வீடு. கிழமைக்கு ஐந்து நாள் முல்லைத்தீவில் அறை எடுத்துத் தங்கி, மோட்டார் சைக்கிளில் கரையோரக் கிராமங்களுக்குப் போய்வருவேன். முதல்நாள் நான் போனபோது அவர் முற்றத்தில் வலையை விரித்து வைத்துக்கொண்டு அதில் சிக்கியிருந்த பாசியையும் குச்சிகளையும் எடுத்துக்கொண்டிருந்தார். நான் யார், ஏன் வந்தேன் என்று சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டார். பிறகு, "பொறுங்கோ தம்பி, இந்தப் பக்கம் முடியட்டும்" என்றார். அந்தப் பக்கம் முடிய முக்கால் மணித்தியாலம் ஆனது. எனக்கு ஒரு பிளாஸ்டிக் கதிரையும் தேத்தண்ணியும் மகள் கொண்டுவந்து தந்தாள். கோபம் மூக்குமட்டும் வந்தது. வாழ்வாதாரம் கொடுக்க வந்தவனை வாசலில் இருத்தி வைக்கிறாரே என்று நினைத்தேன். அந்த வயதில் எனக்கு அப்படித்தான் நினைப்பு ஓடியது.

வாழ்வாதாரம் என்ற சொல்லையும் சொல்லிவிட வேண்டும். சண்டை முடிந்து சனங்கள் திரும்பி வந்த காலத்திலிருந்து வன்னியில் அந்தச் சொல் நான்கு கால் முளைத்து நடந்து திரிகிறது. ஆடு கொடுத்தால் அது வாழ்வாதாரம். கோழி கொடுத்தால் அதுவும். "எங்கட வாழ்வாதாரம் குட்டி போட்டிருக்கு" என்று ஒருவர் என்னிடம் சந்தோஷமாகச் சொன்னார். இன்னொருவர் தன் வாழ்வாதாரம் பக்கத்து வளவுக்குள் பாய்ந்து பயிற்றங்கொடியைத் தின்றுவிட்டதாக முறைப்பாடு சொன்னார்.

அக்கா வேலை செய்யும் விதமே தனி. ஒரு வேலையைத் தொட்டால் அதை முடிக்காமல் எழும்பமாட்டார். தேத்தண்ணிக்குத் தண்ணீர் நன்றாகக் கொதிக்காமல் இறக்கமாட்டார். கறிக்குப் புளி விட்டபிறகு அடுப்பை விட்டு அசையமாட்டார். முல்லைத்தீவுக்குப் போகும் பஸ்ஸைக்கூட அவர் நிறுத்தி வைப்பார். பஸ் வந்து வாசலுக்கு நேரே நிற்கும். அவர் உள்ளே பையின் வாயைக் கட்டிக்கொண்டு "பொறுங்கோ" என்று குரல் கொடுப்பார். சாரதி திட்டிக்கொண்டே நிற்பார். ஏன் நிற்கிறீர்கள் என்று ஒருநாள் அவரைக் கேட்டேன். வருவதென்று சொன்னால் அந்த மனுசி வரும், நிற்காமல் போனால் எனக்குத்தான் ஒருமாதிரி இருக்கும் என்றார்.

வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீட்டை ஊரில் எல்லோரும் ஒரே வருடத்தில் எழுப்பி முடித்தார்கள். இவர் மட்டும் கல்லை நனைய வைத்து, சுவரைக் காய வைத்து, மேசனை அவசரப்படுத்தாமல் கட்டினார். உத்தியோகத்தர்கள் வந்து காலக்கெடு முடியப்போகிறது என்று கத்தினார்கள். மற்ற வீடுகளின் சுவர் வெடித்தபோது இவருடைய சுவர் வெடிக்கவில்லை. அதை அவர் பெருமையாகச் சொன்னதே இல்லை. நான்தான் ஒருமுறை சுவரைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னேன். அதற்கும் ஒரு சிரிப்புத்தான்.

அப்படிப்பட்ட மனுசி ஓடியதையும் நான் பார்த்திருக்கிறேன்.

காலையில் கடலோடு சேர்ந்த களப்பிலிருந்து கணவரும் கணவரின் தம்பியும் வள்ளத்தில் வருவார்கள். கணவருக்கு முதுகில் காயம். வலை போடுவார், பாரம் தூக்கமாட்டார். வலையிலிருந்து இறாலைக் கழற்றுவதும் தரம் பிரிப்பதும் கூடையைச் சுமப்பதும் அக்காதான். தரம் பிரிக்கும்போது அவருடைய விரல்களைப் பார்க்க வேண்டும். பெரியது, நடுத்தரம், பொடி என்று பார்க்காமலே பிரிப்பார். ஒன்பது மணிக்கு முன்னால் ஐஸ் லொறி வரும். சந்தியில் திரும்பும்போதே லொறிக்காரன் கோர்ன் அடிப்பான். அந்தச் சத்தம் கேட்டால் இவர் பேச்சை அரைவாசியில் விட்டுவிட்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். செருப்புப் போடவும் நிற்கமாட்டார். லொறி முதலாளி கூடைக்குள் கையை விட்டுப் பார்ப்பார். பெரிய இறாலையும் பொடியையும் ஒன்றாகக் கொட்டுவார். ஒரு விலை சொல்லுவார். அதுதான் அன்றைய விலை. லொறி போய்விடும்.

அத்தனை நேரம் செலவழித்துத் தரம் பிரித்ததை முதலாளி ஒரே நொடியில் கலந்து கொட்டுகிறாரே, பிறகு ஏன் பிரிக்கிறீர்கள் என்று கேட்டேன். ஒருநாள் வேறு ஆள் வந்தால் பிரித்து வைத்திருக்க வேண்டாமா என்றார். அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அன்று முழுக்க மனம் சரியில்லை.

அதன்பிறகுதான் ஐஸ் கதையை என்னிடம் எடுத்தார். அவர் அதைப் பல நாள் யோசித்திருந்தார். கோயில் வளவுக்குப் பக்கத்தில் பொதுக்காணி இருக்கிறது, கரண்ட் கம்பி அதுவரை வந்திருக்கிறது. அதில் சின்னதாக ஐஸ் போடும் மெஷின் ஒன்று, இறால் வைக்கப் பெரிய பெட்டிகள். பதினொரு பெண்கள் முறைவைத்துப் பார்ப்பார்கள். இரண்டு நாள் வைத்திருக்க முடிந்தால் போதும். முல்லைத்தீவு, வவுனியாக் கடைகளுக்குத் தரம் பிரித்து நேரே அனுப்பலாம். மெஷின் பழுதானால் யாரைக் கூப்பிடுவது என்பதுவரை விசாரித்து வைத்திருந்தார். மகள் அதையெல்லாம் ஒரு கொப்பியில் அழகான எழுத்தில் எழுதியிருந்தாள். மகள் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறுக்காக இருந்த நேரம் அது. பின்னேரங்களில் கன்னியர் மடத்தில் ஒரு சிஸ்டரிடம் ஆங்கிலம் படித்தாள். அந்தப் பெட்டி வந்தால் கணக்கு வழக்கையும் கடைக்காரருடன் கதைப்பதையும் மகள் பார்ப்பாள். வராவிட்டால் அவள் வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போவாள். கணவரின் தங்கைதான் அனுப்பிவைக்கும் ஆளைப் பிடித்துத் தருவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "எனக்கு அவளை அனுப்ப விருப்பமில்லைத் தம்பி" என்று அக்கா ஒரே ஒரு தடவை சொன்னார். இரண்டாம் தடவை சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை.

கொப்பியின் பக்கங்களைப் படம் எடுத்து அலுவலகத்தில் கொடுத்தேன். மேலதிகாரி பார்த்தார். நல்லது என்றார். இந்த முறை திட்டத்தில் கோழி இருக்கிறது, மனதை ஆற்றும் உளவளத்துணை இருக்கிறது, ஐஸ் இல்லை என்றார்.

சில மாதம் கழித்து வெளிநாட்டிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். நிறுவனத்துக்குப் பணம் தரும் இடத்திலிருந்து வந்தவர்கள். அதில் மூத்தவர் நரைத்த தாடிக்காரர், நல்ல மனிதர், எதையும் கவனித்துக் கேட்பவர். சில நாடுகள் ஏன் எழும்பவே முடியாமல் கிடக்கின்றன என்று பல இடங்களுக்குப் போய், அங்கே கிடப்பவர்களிடமே கேட்டு வருகிறவராம். திட்டத்தை மாற்றச் சொல்லும் அதிகாரம் அவருக்கு இருந்தது. அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் வாகனத்தில் போகும்போதே மேலதிகாரி என் பக்கம் சாய்ந்து, ஐஸ் கதையை எடுக்க விடாதேயும், கோழிக்கு எல்லாம் கையொப்பமாகிவிட்டது, இனி மாற்றினால் எல்லாம் முதலிலிருந்து தொடங்கவேண்டும் என்றார். அந்த மாத முடிவில் என் ஒப்பந்தம் முடிகிறது. அதை அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மொழிபெயர்ப்பு என்னுடைய வேலை. அக்காவின் முற்றத்தில் கதிரைகள் போட்டிருந்தார்கள். அவரும் அன்று யாரையும் பொறுக்கச் சொல்லாமல் முன்னரே வந்து உட்கார்ந்திருந்தார். சேலை கட்டியிருந்தார். மகள் குசினி வாசலில் சாய்ந்து நின்றாள். தாடிக்காரர் கொஞ்ச நேரம் கணவரைப் பற்றியும் மகளைப் பற்றியும் கேட்டார். பிறகு தன் கேள்வியைக் கேட்டார். நான் தமிழில் சொன்னேன்: நீங்கள் ஏன் வறுமையில் இருக்கிறீர்கள் என்று நினைக்கிறீர்கள்?

இப்படி ஒரு கேள்வியை யாரிடம் கேட்டாலும் அழுவார்கள், அல்லது விதி என்பார்கள். இவர் கொஞ்சம் யோசித்தார். அந்த மனிதரைப் பார்த்தே சொன்னார்.

"நாங்கள் வேலை செய்யாமல் இருக்கேல்லை ஐயா. களப்பில இறாலும் இல்லாமல் இல்லை. ஆனா எங்களாலை பொறுக்க ஏலாது. வெயில் ஏறினா இறால் பழுதாப் போயிடும். ஐஸ் முதலாளியின்ரை லொறியிலதான் இருக்கு. அதாலை விலையும் அவரின்ரை. பொறுக்க ஏலாத ஆளுக்கு மற்றாள் சொல்லுறதுதான் விலை. ஒரு ரெண்டு நாள் பொறுக்க ஏலுமெண்டா நாங்கள் ஒருத்தரிட்டையும் ஒண்டும் கேக்கமாட்டம்."

இவ்வளவுதான். அதற்குப் பிறகு நான் வாசித்த எந்த அறிக்கையிலும் இதைவிடத் தெளிவாக ஒருவரும் இந்த விஷயத்தைச் சொல்லவில்லை. மேலதிகாரி தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள்.

நான் ஆங்கிலத்தில் சொன்னது இது: நாங்கள் உழைக்கிறோம், ஆனால் பட்ட துன்பம் பெரியது. இதற்கு மேல் எங்களால் தாங்க முடியாது. உங்களைத் தவிர எங்களுக்குக் கேட்க யாரும் இல்லை.

தாடிக்காரரின் கண் கலங்கியது. நெஞ்சில் கை வைத்து அக்காவைப் பார்த்துத் தலை குனிந்தார். அக்காவுக்குச் சந்தோஷம். தான் சொன்னது அவருக்கு விளங்கிவிட்டது என்று நினைத்திருப்பார். நான் மகளைப் பார்த்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே போய்விட்டாள். பிள்ளை கூச்சப்படுகிறாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

திரும்பி வரும்போது அவர் வாகனத்துக்குள் கேட்டார், அந்தப் பெண் 'ஐஸ்' என்று ஏதோ சொன்னாரே என்று. ஐஸ் வியாபாரியின் லொறியில் வருகிறது என்று சொன்னார் என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லையே. அவர் ஓ என்றுவிட்டு வெளியே பார்த்தார். எனக்குக் கிடைத்த இரண்டாவது சந்தர்ப்பம் அது. அதையும் விட்டேன். ஒப்பந்தம் ஒரு வருடத்துக்கு நீட்டிக்கப்பட்டது.

கோழிகள் வந்தன. ஒரு மாதத்துக்குள் அக்கா தொலைபேசி எடுத்தார். "தம்பி, உங்கட வாழ்வாதாரத்தைக் கீரி கொண்டுபோட்டுது" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. உளவளத்துணைக்கு வவுனியாவிலிருந்து ஒரு பிள்ளை பெரிய கடதாசிகளும் நிறப் பென்சில்களும் கொண்டு வந்தாள். தாங்க முடியாத துன்பத்தில் இருக்கும் பெண்கள் என்று என் மொழிபெயர்ப்பை நம்பி அவளுக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். பெண்களை வட்டமாக இருத்தி, கண்ணை மூடி மூச்சை இழுத்து, மனதுக்கு ஆறுதல் தரும் ஒன்றை நினைக்கச் சொன்னாள். அக்கா சொன்னபடி கண்ணை மூடிக்கொண்டு ஒரு மணித்தியாலம் அசையாமல் இருந்தார். கடைசியில் என்ன கண்டீர்கள் என்று அந்தப் பிள்ளை கேட்டாள்.

"ஒரு ஐஸ் பெட்டி, பிள்ளை. பெரிசு. மூடி நல்ல இறுக்கமா இருந்தது."

அந்தப் பிள்ளை அதை ஆழ்மனத்துத் துயரம் என்று குறித்துக்கொண்டாள். அறிக்கையில் பார்த்தேன். மற்றப் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. அவர் உண்மையைத்தான் சொன்னார்.

அந்த வருடம் முழுவதும் அவர் என்னைக் கண்டால் ஐஸைப் பற்றிக் கேட்கவே இல்லை. தேத்தண்ணி தருவார். வீட்டில் அம்மா சுகமா என்று கேட்பார். சில நேரம் பேச்சை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார், நான் ஏதோ சொல்ல வந்ததைப்போல. நான் மோட்டார் சைக்கிள் திறப்பை எடுக்கச் சட்டைப்பையைத் தடவுவேன்.

பிறகு நான் வேறு இடங்களில் வேலை செய்தேன். போன இடமெல்லாம் அவருடைய அந்தச் சொல் என் முன்னால் வந்து நின்றது. முள்ளியவளையில் அறுவடை நேரம் ஈர நெல்லை வயல்கரையிலேயே லொறியில் ஏற்றுகிறார்கள். காய வைக்க இடமில்லை, வைத்திருக்கக் கொட்டில் இல்லை, பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் சப்பாத்து வேண்டும். பொறுக்க ஏலாது. ஆறு மாதத்தில் அதே ஆட்கள் கடையில் அரிசி வாங்குகிறார்கள். கச்சான் கடலை செய்கிறவர்களும் அப்படித்தான். பெற்றோலுக்கு நாங்கள் நாட்கணக்கில் வரிசையில் கிடந்த காலத்தில், கப்பல் கடலில் நிற்கிறது, பணம் கட்டினால்தான் இறக்குவார்கள் என்று செய்தி வந்தது. வரிசையில் நின்றபடி நான் அக்காவை நினைத்தேன். ஒரு நாடே கூடையைத் தூக்கிக்கொண்டு செருப்பில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

ஐஸ் பெட்டி வந்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். வேறு கிராமங்களில் இப்படி வந்த மெஷின்கள் கரண்ட் பில்லுக்கும் சண்டைக்கும் பலியாகித் துருப்பிடித்துக் கிடப்பதைக் கண்டிருக்கிறேன். லொறி முதலாளி சும்மா இருந்திருக்கவும் மாட்டார். ஆனால் ஈரச்சுவரைக் காயவிட்டு வீடு கட்டிய மனுசி அதைக் கெட விட்டிருப்பாரா? அது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள முடியாமல் செய்தவன் நான்.

போன மாசியில் ஒரு கணக்கெடுப்புக்காகத் திரும்பக் கொக்கிளாய்க்குப் போனேன். கரையில் மீன்பிடி வாடிக் கொட்டிலுக்குப் பக்கத்தில் இறால் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் சிரித்தார். "பொறுங்கோ தம்பி, இது முடியட்டும்" என்றார். மனதுக்கு இதமாக இருந்தது. மணலில் உட்கார்ந்தேன். விரல்கள் முன்னைப்போலவே ஓடின. பெரியது, நடுத்தரம், பொடி.

மகள் எப்படி என்று கேட்டேன். வெளிநாட்டில்தான், மூன்றாம் தடவையும் அங்கேயே ஒப்பந்தம் போட்டிருக்கிறாள், ஞாயிறு பூசை முடிந்தபிறகு கதைப்பாள் என்றார். அந்த வீட்டில் மூன்று பிள்ளைகள். அவர்களுக்கு ஆங்கிலமும் இவள்தான் சொல்லிக்கொடுக்கிறாளாம். கையை நிறுத்தாமலே சொன்னார். பிறகு அதே குரலில்,

"தம்பி, அண்டைக்கு அந்தத் தாடிக்கார ஐயாவுக்கு நீங்கள் என்ன சொன்னனீங்கள் எண்டு எனக்குத் தெரியும்" என்றார்.

நான் கையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டினேன்.

"பிள்ளை அண்டைக்கே சொன்னவள். சிஸ்டரிட்டை இங்கிலீஷ் படிச்சவளல்லோ. தான் வந்து அந்த ஐயாவோட கதைக்கட்டோ எண்டு கேட்டவள். வாகனம் அப்ப வாசல்லதான் நிண்டது. நான்தான் மறிச்சனான்."

ஏன் என்று கேட்டேன்.

"நீங்கள் வேலைக்கு வந்த பிள்ளை. நாலு பேருக்கு முன்னால உங்களை வெக்கப்படுத்தப்படாது எண்டு நினைச்சன். ஆறுதலா ஒருநாள் நீங்களே போய்ச் சொல்லுவியள் எண்டு பொறுத்தனான்."

"எவ்வளவு நாள் பொறுத்தனீங்கள் அக்கா?"

"பிள்ளை பிளேன் ஏறுமட்டும்."

அவர் முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். இரண்டு சொல்தான் வந்திருக்கும், சந்தியில் லொறியின் கோர்ன் கேட்டது. அவர் மூன்று குவியலையும் ஒரே கூடைக்குள் வாரிப் போட்டார். கூடையைத் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு ஓடினார். என்னைப் பொறுக்கச் சொல்லவில்லை.